கிறொய்ஸ்பேர்க்: ஒரு முத்திரையும் ஓர் ஆறும்

பேர்லினில் கிறொய்ஸ்பேர்க் என்ற பகுதியில், ஒரு றெஸ்ரோரண்டின் குசினியில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி முடிக்காமலே வந்தவன். கோப்பை கழுவும்போதும் 'இது எப்படி இப்படி வந்தது?' என்று கேட்கும் பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை.

கோடையில் உல்லாசப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். துருக்கிக் கடைகள், சுவரோவியங்கள், விடியும்வரை அடங்காத தெருக்கள். பல இன மக்கள் கூடிவாழ யாரோ விரும்பித் திட்டமிட்ட இடம் போலத் தோன்றும். உண்மை நேர்மாறானது.

1961 ஓகஸ்டில் பேர்லின் சுவர் எழுந்ததும் கிறொய்ஸ்பேர்க்கின் கிழக்குப் பாதி மூன்று பக்கமும் அடைபட்ட மூலையானது. கிழக்கிலிருந்து வேலைக்கு வந்துபோனவர்கள் நின்றுபோனார்கள். அதே ஒக்ரோபரில் மேற்கு ஜேர்மனி துருக்கியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. இங்கிருந்த பழைய வீடுகளில் பல, இடிப்பதற்கென்று குறிக்கப்பட்டவை. ஒறானியன்பிளாட்ஸ் சதுக்கத்தின் மேலாக ஓர் அதிவேகப் பாதைச் சந்தியே திட்டத்தில் இருந்தது. இடிக்கப்போகும் வீட்டை யார் திருத்துவார்? கழிவறை படிக்கட்டில், குளிருக்கு நிலக்கரி அடுப்பு. வேறெங்கும் வீடு கிடைக்காத துருக்கியருக்கு அவற்றை வாடகைக்கு விட்டார்கள்.

கூலிக்கு வந்தவர்கள் குடும்பங்களானதும் அரசு விழித்துக்கொண்டது. 1975இல் கிறொய்ஸ்பேர்க், வெடிங், ரியகார்ட்டன் ஆகிய மூன்று பகுதிகளிலும் வெளிநாட்டவர் புதிதாகக் குடியேறத் தடை வந்தது. அதைக் கடவுச்சீட்டிலேயே முத்திரையாகக் குத்தினார்கள். மாவட்ட எல்லை தாண்ட அனுமதி கேட்டு வரிசையில் நின்ற நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டு மே 11ஆம் திகதி, செற்றின் மேர்ட் என்ற துருக்கிச் சிறுவன் ஸ்பிறே ஆற்றில் தவறி விழுந்தான். அன்று அவனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். கரை மேற்கு பேர்லினுக்குச் சொந்தம். ஆற்று நீர் முழுவதும் கிழக்குக்குச் சொந்தம். மேற்கின் மீட்புப் படையினர் கரையில் நின்றார்கள், இறங்க முடியவில்லை. 1966இலிருந்து அந்தக் கரையோரம் இப்படி ஐந்து பிள்ளைகள் மூழ்கிப்போனார்கள். மூவர் குடியேறியவர்களின் பிள்ளைகள். செற்றின் இறந்த பிறகு, அந்த ஒக்ரோபரில்தான் மீட்பு வேலைக்கான உடன்பாடு இரு பக்கமும் கையெழுத்தானது.

முத்திரை குத்தியும் ஆட்கள் போகவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஒஸ்மான் கலின் என்ற முதியவர், சுவருக்கு மேற்குப் பக்கம் தவறி நின்ற கிழக்கின் காணித்துண்டில் வெங்காயமும் உள்ளியும் நட்டார். கிழக்கின் காவலர்கள் வந்து பார்த்தும் அவரைக் கலைக்கவில்லை. சுவர் போய்விட்டது, அவர் பலகைகளால் கட்டிய வீடு நிற்கிறது. பயணிகள் படம் எடுக்கிறார்கள்.

2012இல் அகதிகள் வூர்ஸ்பூர்க்கிலிருந்து நடந்தே வந்து, அதே ஒறானியன்பிளாட்ஸில் கூடாரம் அடித்தார்கள். அவர்கள் எதிர்த்தவற்றில் நாம் அனுபவித்த அந்த எல்லை விதியும் ஒன்று. 2014 ஏப்ரலில் கூடாரங்கள் அகற்றப்பட்டன. 2015இல் விதி தளர்ந்தது.

எங்கள் குசினியில் ஓர் அண்ணை இருக்கிறார். 1984இல் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமானநிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தவர். கிறொய்ஸ்பேர்க்கில் நண்பர்களின் அறையில் பதியாமலே கிடந்தவர். இன்று இங்கே வீடெடுக்க அவருக்கும் வசதியில்லை, எனக்கும் இல்லை. ஓர் இரவு ரயிலுக்கு நிற்கும்போது சொன்னார்: "அப்ப இந்தப் பக்கம் வராதையெண்டு முத்திரை குத்தினாங்கள். இப்ப வாடகை குத்துது, தம்பி."

பேர்லின் பார்க்க வரும் நண்பர்கள் ஓபர்பாவும் பாலத்தருகே அந்தக் கரைக்கும் வாருங்கள். 2010இலிருந்து அதற்கு மே ஆயிம் என்ற கறுப்பினக் கவிஞையின் பெயர். பலர் பியர் போத்தலோடு அமர்ந்து பொழுது சாய்வதைப் பார்ப்பார்கள். நீங்களும் இருங்கள். அந்த ஐந்து வயதுப் பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.