விடுதியும் வதையும்: கரையோர மாணவரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி எனக் கடலையும் வாவியையும் ஒட்டி நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் அரச பல்கலைக்கழகம் எதுவும் நிறுவப்பட்டதில்லை. அயலிலுள்ள வயம்பப் பல்கலைக்கழகமும் குருநாகல் மாவட்டத்துக் குளியாப்பிட்டியிலும் மாகந்துறையிலுமே அமைந்துள்ளது. தமிழ்மொழி மூலம் கலைத்துறை பயில விழைவோர் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ செல்லவேண்டியவராவர். எனவே, உப்பளத் தொழிலாளியின் மகனுக்கும் மீனவர் மகளுக்கும் விடுதி என்பது விருப்பின் பாற்பட்டதன்று. அது கல்வியின் நிபந்தனையாகும். விடுதிகளில் நேர்ந்த இடர்களையும் அவற்றின்மீது எடுக்கப்பட்ட ஒழுக்காற்று நடவடிக்கைகளையும் இந்நிலையில் நின்று நோக்குவோர்க்கே அவற்றின் முழுக்கனமும் புலப்படும்.

1942ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தொடங்கப்பெற்றபோது அதன் மாணவர் தொகை 904 மட்டுமே. முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் வதிவிடப் பல்கலைக்கழகம் என்னும் கருத்தில் அசையாத பற்றுடையவர். விரிவுரை மண்டபத்திற் பெறுவது கல்வியின் ஒரு கூறே. ஒருங்கே உண்டு, ஒருங்கே உறைந்து, உரையாடிப் பெறுவதே எஞ்சியது என்பது அவர்தம் கொள்கை. 1952இல் கலைப்பீடம் பேராதனைக்குப் பெயர்ந்தபோது, அருணாசலம், ஜயதிலக்க, இராமநாதன், ஹில்டா ஒபேசேகர முதலிய பெயர் தாங்கிய மண்டபங்கள் இக்கொள்கையின் கட்டட வடிவமாகவே எழுந்தன. ஒவ்வொரு மண்டபத்துக்கும் விரிவுரையாளரிலிருந்து காப்பாளர் ஒருவரும் உதவிக் காப்பாளரும் நியமிக்கப்பட்டனர். மாணவரின் பெயரையும் ஊரையும் காப்பாளர் அறிந்திருந்த காலம் அது. ஒழுங்கு என்பது விதிகளினும் பார்க்க இவ்வறிமுகத்தையே பெரிதும் சார்ந்திருந்தது என நான் கருதுகின்றேன்.

இவ்வேற்பாட்டில் ஒரு முரண்பாடும் உறைந்திருந்தது. இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் இளைய மாணவர் மூத்தோரின் காலணி துடைத்தும் தேநீர் காய்ச்சியும் ஏவல் செய்தல் நெடுங்கால வழக்கம். அந்நாட்டு வதிவிட முறையை இங்குப் பெயர்த்து நட்டபோது அதன் நிழலும் உடன் வந்தது. புதுமுக மாணவரைக் கேலி செய்தல் முதற் சில ஆண்டுகளில் பாட்டுப் பாடச் செய்தல், கோமாளி வேடம் பூணுவித்தல் என்ற அளவில் நின்றதாகப் பழைய மாணவர் பலர் இன்றும் கனிவோடு நினைவுகூர்வர். அக்கனிவை நான் முழுதும் நம்புவதில்லை. கேலிக்கு ஆளாகி அழுதவர் நினைவுக் கட்டுரை எழுதுவது அரிது.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுயமொழி மூலம் கலைப்பீட அனுமதி தொடங்கியதும் பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கிராமப்புறத்துக்குத் திறந்தன. இது நாட்டின் கல்வி வரலாற்றில் நிகழ்ந்த பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயின் மாணவர் தொகை பெருகிய விரைவில் மண்டபங்கள் பெருகவில்லை. ஒருவர்க்கென வகுத்த அறையில் இருவரும் மூவரும் தங்கினர். காப்பாளருக்கு மாணவர் முகமற்ற பெயர்ப்பட்டியலாயினர். அவர் கைவிட்ட அதிகாரம் வெறுமையாய்க் கிடக்கவில்லை. மூத்த மாணவர் அதனைக் கையேற்றனர். பகிடி, பகிடிவதையானது இக்காலப் பகுதியிலேயே எனலாம்.

1974இல் அக்காலத்து வித்தியாலங்கார வளாகத்தில் கணித ஆசிரியப் பயிலுநர் சிலர் வதைக்கப்பட்டமை பற்றி ஆராய வி. டபிள்யூ. குலரத்ன ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அதன் விளைவாக மாணவர் 12 பேர் நீக்கப்பட்டனர். உரிய நடவடிக்கை எடுக்கத் தவறியமைக்காக அதிகாரிகள் நால்வரும் தண்டிக்கப்பட்டனர். பின்னைய வரலாற்றில் நாம் அரிதாகவே காண்பது இவ்விரண்டாவது செயல்.

அடுத்த ஆண்டே, 1975இல், பேராதனை இராமநாதன் மண்டபத்தில் விவசாய பீட மாணவியொருத்தி மூத்த மாணவியரின் வதையிலிருந்து தப்புதற்கு மேல்மாடியிலிருந்து குதித்து உடல் செயலிழந்தார். 2002இல் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் எத்தனை தொகுதி மாணவியர் அம்மண்டபத்துப் படிகளில் ஏறியிறங்கிப் பட்டம் பெற்றுச் சென்றனர் என்று எண்ணிப்பார்க்கையில் மனம் கனக்கின்றது.

நிருவாகத்தின் ஒழுக்காற்று நடவடிக்கைகளை மாணவர் ஐயத்துடன் நோக்கியதற்கும் காரணம் இருந்தது. 1971 கிளர்ச்சியின்பின் விடுதிகள் அரசின் கண்ணுக்குச் சதிக்கூடங்களாகத் தோன்றின. 1976 நவம்பர் 12ஆம் நாள் பேராதனை வளாகத்தில் பொலிஸார் சுட்டதில் மாணவரொருவர் உயிரிழந்தார். காவலரை வளாகத்துள் அழைத்தல் என்றதும் மாணவர் மனத்தில் எழுவது அந்நாளே. வதைப்போர் இந்நியாயமான அச்சத்தின் பின்னால் ஒளிந்துகொண்டனர். முறையிடுபவன் மாணவர் இயக்கத்தைக் காட்டிக்கொடுப்பவன் ஆனான். வதைக்கு உடன்படாதோரைச் சிங்கள மாணவர் ‘அல’, அதாவது உருளைக்கிழங்கு, என இகழ்வர். அவ்விகழ்ச்சி தமிழ் மாணவரிடையேயும் வழங்குவதுண்டு. மொழியாற் பிரிந்தோர் இவ்வொன்றிலேனும் ஒன்றுபட்டமை வேடிக்கையே.

1997இல் பேராதனைப் பொறியியற் பீடத் தமிழ் மாணவரொருவர் கடுமையான உடற்பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். நாடு அதிர்ந்தது. கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் பிறவகை வன்செயல்களையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதன் பின்னரே பிறந்தது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையிலும், பாலியல் தொல்லையோ கடுங்காயமோ விளைப்பின் பத்தாண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கின்றது. சட்டம் கடுமையானதே. ஆயின் அதனை இயக்குதற்கு முறைப்பாடு வேண்டும். முறைப்பாட்டுக்குச் சாட்சி வேண்டும். சாட்சியோ அடுத்த கட்டிலில் உறங்குபவன்.

கரையோர மாணவர் நிலையை இவ்விடத்து மீண்டும் நினைவுகொள்ளல் பொருந்தும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாவிலும் கிடுகுக் கொட்டில்களில் தஞ்சமடைந்தனர். அக்கொட்டில்களில் மண்ணெண்ணெய் விளக்கொளியிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த ஒருவர்க்கு விடுதி அறை, பறிபோன வீட்டுக்குப் பின் கிடைத்த முதற் கற்சுவர். அதனுள் நள்ளிரவிற் கதவு தட்டப்படும்போது அவர் எங்கே செல்வார்? கண்டி நகரத்து மாணவன் வதை பொறாது வீட்டிலிருந்தே விரிவுரைக்கு வரக்கூடும். விடுதியை இழத்தல் அவனுக்குச் சிரமம். கற்பிட்டி மாணவனுக்கோ அது படிப்பையே இழத்தல். வதைப்போரும் இதனை நன்கறிவர். அடங்காத புதுமுக மாணவரை விடுதியில் உணவு மேசையிலிருந்தும் உரையாடலிலிருந்தும் ஒதுக்கிவைத்தல் அவர்தம் இறுதிப் படைக்கலம்.

வதைத்தமைக்காக விடுதியிலிருந்து விலக்கப்படுபவனும் சில வேளை இதே கரையைச் சேர்ந்தவனே. முதலாண்டில் வதைபட்டு, இரண்டாமாண்டில் வதைத்து, தண்டனை பெற்று ஊர் திரும்புகின்றான். இருவர் பெயரும் ஒரே கோப்பிற் கிடக்கும். முறைப்பாட்டைக் கையளித்தவர் அன்றிரவு திரும்பிச் செல்லவேண்டியதும் அதே மண்டபத்துக்கே. கற்பிட்டியோ அங்கிருந்து ஏறத்தாழ நூறு மைல்.