வெந்நீர்ச் சுழற்சி அமைப்பு: வரலாறும் தெரிவும்

வெந்நீர்ச் சுழற்சி அமைப்பு என்பது, குழாய்க்குள் ஆறிப்போன நீரை வெளியே விடாமல் மீண்டும் கொதிகலனுக்கே அனுப்பி, குழாயைத் திறந்ததும் வெந்நீர் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு ஆகும்.

அடுப்பிலிருந்து குழாய்க்கு

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், இராசபாளையத்தை அடுத்துள்ள ஊர் சேத்தூர். இது போன்ற ஊர்களில் முன்பு கொல்லைப்புற அடுப்பில்தான் வெந்நீர் காய்ந்தது. செம்பு அண்டாவின் கீழ் விறகும் தென்னை மட்டையும் எரிந்தன. பின்னர் நடுவே தீக்குழாய் கொண்ட செம்பு பாய்லர் வந்தது. வேண்டிய அளவு மொண்டு, வாளியில் விளாவிக் குளித்ததால் நீர் வீணாகவில்லை.

1868இல் இலண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் எரிவாயுவால் நீரைச் சூடாக்கும் கருவியை உருவாக்கினார். ஐசுலாந்தின் வெந்நீர் ஊற்றை ஒட்டி அதற்கு 'கீசர்' என்று பெயரிட்டார். 1889இல் எட்வின் ரூட் அமெரிக்காவில் தானியங்கிச் சேமிப்புக் கொதிகலனை அமைத்தார். 1891இல் கிளாரன்சு கெம்ப் சூரிய வெந்நீர்க் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1909இல் வில்லியம் பெய்லி சூடேற்றும் பகுதியையும் தொட்டியையும் தனித்தனியாக்கினார்.

சுழற்சியின் தோற்றம்

கொதிகலன் ஓரிடத்திலும் குளியலறை வேறிடத்திலும் அமைந்தபோது புதிய சிக்கல் பிறந்தது. சூடான நீர் இலேசாகி மேலேறும். ஆறிய நீர் கனத்துக் கீழிறங்கும். இவ்வியல்பைக் கொண்டு பெரிய கட்டடங்களில் திரும்பு குழாய்கள் அமைக்கப்பட்டன. 1928இல் செருமனியின் வில்கெல்ம் ஓப்லண்டர், குழாயிலேயே பொருத்தும் சுழற்சி விசையியக்கக் குழாயை வெப்பமூட்டும் அமைப்புகளுக்காக உருவாக்கினார்.

வீணாகும் நீர்

20 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் ஒரு மீட்டருக்கு 0.31 லிட்டர் நீர் கொள்ளும். மொட்டை மாடிச் சூரியக் கொதிகலனிலிருந்து குளியலறை 15 மீட்டர் தள்ளி இருந்தால், ஒவ்வொரு முறையும் சுமார் 4.7 லிட்டர் வீணாகும். நாளொன்றுக்கு 6 முறை என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர்! கோடையில் குடத்துக்குக் காத்திருக்கும் ஊர்களில் இது சிறிய அளவன்று.

தேர்ந்தெடுக்கும் முறை

1. முதல் தெரிவு தூரத்தைக் குறைப்பதே. குளியலறையும் கொதிகலனும் அருகருகே அமைந்தால் சுழற்சி அமைப்பே தேவையில்லை. குழாய் வேண்டிய அளவுக்குமேல் பெரிதாக இருக்கவும் கூடாது.

2. தூரம் தவிர்க்க இயலாவிடில், சுவர் பூசுவதற்கு முன்பே திரும்பு குழாயைப் பதித்து, வெப்பக் காப்புறை சுற்ற வேண்டும். பின்னாளில் சுவரை உடைப்பது செலவு.

3. இடைவிடாது சுழலும் அமைப்பு நாள் முழுதும் வெப்பத்தை இழக்கும். சூரியக் கொதிகலனில் இரவிலேயே தொட்டி ஆறிவிடும். பொத்தானை அழுத்தும்போது மட்டும் இயங்கும் வகையே சிக்கனமானது.

4. ஒருவழித் தடுப்பிதழ் கட்டாயம் வேண்டும். உப்புநீர்க் கிணறுள்ள வீடுகளில் படிவுகளை அவ்வப்போது நீக்க வேண்டும்.

5. 1976இல் பிலடெல்பியாவில் பரவிய நோயால் லெஜியோனெல்லா நுண்ணுயிரி கண்டறியப்பட்டது. வெதுவெதுப்பான நீரில் அது பெருகும். எனவே தொட்டி நீரை 60 பாகை செல்சியசில் வைத்து, குளிக்கும்போது விளாவிக்கொள்வது நலம்.

கருவி புதியது. ஆனால் வேண்டிய அளவே எடுத்து, ஒரு சொம்பும் வீணாக்காத அண்டா அடுப்புக் காலத்துப் பழக்கத்தையே அது குழாய்க்குள் மீட்டுத் தருகிறது.