இழையம் சொல்லும் செய்தி

குடலில் புற்றுநோய் என்றதும் மரணம் என்று முடிவுகட்டிவிடுவது நம் மக்களின் வழக்கம். அது தவறென்று மருத்துவ வரலாறு காட்டுகிறது. லண்டன் சென்ட் மார்க்ஸ் வைத்தியசாலையில் நோயியல் நிபுணராயிருந்த கத்பர்ட் டியூக்ஸ், அறுத்தெடுத்த மலக்குடற் பகுதிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1932ஆம் ஆண்டில் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். கட்டி குடற்சுவருக்குள் அடங்கியிருந்தால் ஏ; சுவரைக் கடந்தால் பி; நிணநீர்க் கணுக்களை எட்டினால் சி. ஏ நிலையினருள் பெரும்பாலோர் பிழைத்தனர்; சி நிலையினருள் பிழைத்தோர் சிலரே.

பின்னர் இவ்வாய்வு மேலும் நுணுகியது. மெழுகிற் பதித்து, மெல்லியதாய்ச் சீவி, சாயமேற்றிய இழையத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பலவற்றை நோக்குகிறார்கள். கட்டியின் விளிம்பிலே நான்கு கலங்களுக்கு மேற்படாத சிறு கூட்டங்கள் பிரிந்து நிற்பது தீய அறிகுறி. அவற்றை எண்ணும் முறையில் 2016இல் சர்வதேச உடன்பாடு ஏற்பட்டது. இரத்தக் குழாயில் நோய் புகுந்திருப்பதும் தீயதே. உடலின் காவலரான நிணநீர்க் கலங்கள் கட்டியுட் செறிந்து நிற்பது நல்ல அறிகுறி. கணுக்களில் குறைந்தது 12ஐயாவது தேடிப் பார்ப்பது நியமம். குறைத்துப் பார்த்தால் சி நிலை பி என்று பதியப்பட, வேண்டிய மருந்து நோயாளிக்குக் கிடையாது போகலாம்.

ஆயின், இழையம் நுணுக்குக்காட்டியின் கீழ் வந்தாலன்றோ பேசும்! அட்டன், நுவரெலியாத் தேயிலை மலைகளின் வரலாற்றை இங்கே நினைத்துப் பார்ப்போம். 1872இன் மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளியின் நோயைத் துரையின் பொறுப்பில் வைத்தது. நாட்டின் பொது வைத்திய அமைப்புக்குப் புறம்பாகத் தோட்டத்து டிஸ்பென்சரியே அவனுக்குக் கதியாயிற்று. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்ட வைத்தியசாலைகளோ 1990களிலும் பின்னருமே படிப்படியாக அரசின் கைக்கு வரலாயின.

கொழுந்தெடுக்கும் பெண் மலத்தில் இரத்தம் கண்டால், மூலமென்று எண்ணிக் கைமருந்து தேடுகிறாள். நகரத்து வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளமில்லை. குடலைக் குழாய்விட்டுப் பார்க்கவோ இன்னொரு பயணம், இன்னொரு நாள். நாள்கள் மாதங்களாக, நோய் சுவரைக் கடக்கிறது. ஏ, பி, சி என்னும் எழுத்துக்களில் ஒரு பங்கைச் சமூகமே எழுதுகிறது என்று நாம் கூறுவது மிகையன்று.

மலத்தில் மறைந்த இரத்தத்தைக் காட்டும் எளிய சோதனை லயங்களின் வாசல்வரை வரவேண்டும். சோதனைக்குப் போகும் நாளுக்கும் பேர் போடவேண்டும். டியூக்ஸ் வகுத்த முதல் எழுத்து, மலையகத்து உழைப்பாளிக்கும் உரியதாகட்டும்.