வேகத்துக்கு ஃபைன், வண்டிக்கு இன்சூரன்ஸ்: சந்திக்காத இரண்டு கணக்குகள்

திருப்பத்தூர் மாவட்டத்தின் ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி மூன்றையும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஒரே நூலில் கோத்து வைத்திருக்கிறது. தோல் ஏற்றிய லாரி, ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன், பிரியாணிக்காக நிற்கும் பெங்களூரு கார் என எல்லாம் ஓடுவது அந்தச் சாலையில்தான். அங்கே ஒரு காருக்கு அதிவேகத்துக்காக ஃபைன் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருடம் அந்தக் காரின் இன்சூரன்ஸ் பிரீமியம் கூடுமா?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கூடும். பிரிட்டனிலும் பெரும்பாலும் கூடும். இந்தியாவில் கூடாது! ஏன் என்று தெரிய கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1896-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வால்டர் அர்னால்ட் என்பவர், மணிக்கு 2 மைல் மட்டுமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் 8 மைல் வேகத்தில் கார் ஓட்டினார். சைக்கிளில் துரத்திப் பிடித்தார் போலீஸ்காரர். அபராதம் ஒரு ஷில்லிங். அப்போது கட்டாய இன்சூரன்ஸ் என்ற பேச்சே இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1927-இலும், பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும்தான் அது வந்தது.

இந்தியாவில் 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டாலும், அதிலிருந்த கட்டாய இன்சூரன்ஸ் அத்தியாயம் 1946 ஜூலை 1-இல்தான் அமலுக்கு வந்தது. அதன் நோக்கம் ஓட்டுநரைத் திருத்துவது அல்ல. அடிபட்டவருக்குப் பணம் கிடைக்க வேண்டும், வண்டிக்காரர் ஏழையாக இருந்தாலும் கிடைக்க வேண்டும். அதனால்தான் "வண்டி வேகமாகப் போனது" என்று காரணம் சொல்லி, அடிபட்ட மூன்றாம் நபருக்குத் தர வேண்டிய இழப்பீட்டை கம்பெனி மறுக்க முடியாது.

1973 ஜனவரி 1-இல் பொது இன்சூரன்ஸ் தேசியமயமானது. நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நான்காக இணைந்தன. அவற்றில் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. விலை எல்லோருக்கும் ஒரே டாரிஃப்தான். காரின் வயது, எஞ்சின் சி.சி., மதிப்பு, பதிவான இடம் இவைதான் கணக்கு. சென்னை ஏ மண்டலம், திருப்பத்தூர் பி மண்டலம். ஓட்டுபவர் எத்தனை முறை பிடிபட்டார் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது!

பரிசு மட்டும் உண்டு. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20-இல் தொடங்கி 50 சதவீதம் வரை போனஸ். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பத்து முறை ஃபைன் கட்டியவர் எதிலும் மோதாமல் தப்பித்தால் முழு போனஸ் அவருக்கு. நிதானமாக ஓட்டியவர் மீது வேறொருவர் வந்து மோதி, தன் பாலிசியில் கிளெய்ம் வாங்கினால் போனஸ் போய்விடும்.

2007-இல் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு விலைக் கட்டுப்பாடு நீங்கியது. ஆனாலும் ஃபைன் விவரம் ரசீதுப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்ததால் கம்பெனிகளால் பார்க்க முடியவில்லை. அந்தக் காலத்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிவேகத்துக்கு முதல்முறை அதிகபட்சம் 400 ரூபாய், மறுமுறை 1000 ரூபாய்.

2019 செப்டம்பரில் அது இலகு ரக வண்டிக்கு 1000 முதல் 2000, கனரக வண்டிக்கு 2000 முதல் 4000 ரூபாய் என்று மாறியது. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் அமலாயின. இடையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு ஒன்று, 2021 ஜனவரியில் இரண்டு கணக்குகளையும் இணைக்கப் பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான பார்க்கிங்குக்கு 10 புள்ளி, புள்ளிக்கு ஏற்பக் கூடுதல் பிரீமியம், முதல் சோதனை டெல்லியில் என்பது திட்டம். அது நாடு தழுவிய விதியாகவில்லை.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. புள்ளி வண்டிக்கு விழும், ஓட்டுநருக்கு அல்ல. கம்பெனி வேன் டிரைவர் வேகமாகப் போனால் கூடுதல் பிரீமியம் முதலாளிக்கு. முதலாளி அதைச் சம்பளத்தில் பிடிக்கலாம். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டியவர் யார் என்பதை எந்தப் புள்ளியும் சொல்லாது.

நீதிமன்றங்களில் மட்டும் இரண்டு கணக்குகளும் அவ்வப்போது சந்திக்கின்றன. விரைவுச்சாலையில் 120 கி.மீ. வரை அனுமதித்த 2018-ஆம் ஆண்டு அறிவிப்பை, ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் வந்தது இன்னொரு வழக்கு. தன் வேகத்தாலும் கவனக்குறைவாலும் தானே விபத்தை ஏற்படுத்தி இறந்தவரின் குடும்பம் கேட்ட இழப்பீடு கிடைக்கவில்லை.

ஆக, இந்தியாவில் ஃபைன் ரசீது பிரீமியத்தை ஏற்றுவதில்லை. வேகத்தின் பில் வேறு வழியில் வருகிறது. சில சமயம் அதை வீட்டில் காத்திருப்பவர்கள் கட்டுகிறார்கள்.