முகத்திற்கேற்ற மூக்குக் கண்ணாடி

நான் பள்ளி மாணவனாக இருந்தபோது எனக்கு வாங்கித் தந்த மூக்குக் கண்ணாடி பெரும்பாலும் சட்டைப் பையிலேயே குடியிருந்தது. அதன் கனத்த கறுப்பு விளிம்பைக் கண்ட வகுப்புத் தோழர்கள் எனக்குச் 'சோடாபுட்டி' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். கரும்பலகையில் எழுதிய கணக்கைவிட அந்தப் பட்டமே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வில்லை எவ்வளவு நுட்பமானதாக இருந்தால் என்ன? சட்டம் பிடிக்காவிட்டால் கண்ணாடி முகத்திற்கு வராது. இந்தச் சிறு உண்மையை உலகம் உணர்வதற்கு ஏறக்குறைய அறுநூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன.

மூக்குக் கண்ணாடி பிறந்தது இத்தாலி நாட்டில். 1306-ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரில் ஜியோர்டானோ என்ற துறவி ஆற்றிய சொற்பொழிவில், இந்தக் கலை தோன்றி இன்னும் இருபது ஆண்டுகள் ஆகவில்லை என்று குறிப்பிட்டார். கண்டுபிடித்தவர் தொழில் இரகசியத்தை வெளியிட மறுத்தார். அவர் பெயரும் அவரோடு மறைந்தது. பீசா நகரத்துத் துறவி அலெஸ்ஸாண்ட்ரோ டெல்லா ஸ்பினா தாமே அதைச் செய்து பார்த்து, மலர்ந்த முகத்தோடு பிறர்க்கும் வழங்கினார் என்று அவருடைய மடத்துக் குறிப்பு கூறுகிறது.

1352-இல் தொம்மாசோ என்ற ஓவியர் திரெவீசோ நகரத்து மடத்துச் சுவரில் ஒரு கர்தினாலைக் கண்ணாடியோடு தீட்டினார். மூக்குக் கண்ணாடியைக் காட்டும் ஓவியங்களுள் இதுவே மிகப் பழையது என்பர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கர்தினால் 1263-லேயே காலமானவர். கண்ணாடியைக் கண்ணால் கண்டிருக்க வழியில்லை! படித்தவர் என்பதற்கு அடையாளமாக ஓவியர் அதை அவர் மூக்கில் ஏற்றிவிட்டார்.

அக்காலக் கண்ணாடிக்குக் காதுக் கம்பி கிடையாது. மரத்தாலோ எலும்பாலோ ஆன இரண்டு வளையங்களை ஓர் ஆணியால் பிணைத்திருப்பார்கள். அதைக் கையில் பிடித்துக் கொள்ள வேண்டும்; அல்லது மூக்கைக் கவ்வவிட்டு, தலையை அசைக்காமல் படிக்க வேண்டும். ஜெர்மனியில் வீன்ஹௌசன் என்னும் கன்னிமடத்தில் 1953-இல் தரைப் பலகைகளைப் பெயர்த்தபோது இத்தகைய கண்ணாடிகள் கிடைத்தன. வழிபாட்டு நேரத்தில் எந்தத் துறவியின் மூக்கிலிருந்து நழுவி இடுக்கில் விழுந்தனவோ!

நழுவாமல் நிறுத்துவது எப்படி என்பதே பல தலைமுறைகளின் கவலையாயிற்று. 1600-ஐ ஒட்டி எல் கிரேக்கோ வரைந்த கர்தினால் ஒருவரின் கண்ணாடியில் நூல் கட்டிக் காதில் மாட்டியிருப்பதைக் காணலாம். 1720-களின் இறுதியில் லண்டனில் எட்வர்டு ஸ்கார்லெட் என்ற கண்ணாடி வணிகர் விறைப்பான கம்பிகளை இருபுறமும் பொருத்தி விற்றார். அவை காதுக்குப் பின்னே வளையாமல், பொட்டுப் பகுதியை அழுத்திக் கொண்டு நின்றன. ஜப்பானில் வேறொரு தொல்லை. அந்நாட்டார் பலரின் மூக்கு ஐரோப்பியரின் மூக்கைப் போல மேலெழுந்து நிற்பதன்று. ஆகவே அங்குள்ள கைவினைஞர்கள் நடுவில் ஒரு சிறு தாங்கியை அமைத்து, அது நெற்றியில் ஊன்றி நிற்கும்படி செய்தார்கள். முகத்தைப் பார்த்துச் சட்டம் செய்தவர்கள் என்று அவர்களைத் தயங்காமல் சொல்லலாம்.

கண்ணாடி மூக்கில் நிலைத்துவிட்டது. ஆனால் அணிந்தவர் மனத்தில் கூச்சம் நிலைத்தது. ஐரோப்பிய மேன்மக்கள் சபையில் கண்ணாடி அணிவதை முதுமையின் ஒப்புதலாகக் கருதினர். பிடி வைத்த கண்ணாடியைத் தேவையானபோது மட்டும் உயர்த்திப் பார்த்துவிட்டு மறைத்துக் கொண்டனர். இந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் ஒருவர் ஹெரால்டு லாயிடு என்னும் அமெரிக்கத் திரைப்பட நடிகர். 1917 முதல் அவர் வட்டமான தடித்த சட்டம் அணிந்து துடுக்கும் துணிவும் உள்ள இளைஞனாக நடித்தார். அந்தச் சட்டத்தில் வில்லையே இல்லை! பார்வைக்காக அன்றித் தோற்றத்திற்காகவே ஒருவர் கண்ணாடி அணிந்தார். உலகமும் அதை ரசித்தது.

பெண்களுக்காகச் சிந்தித்தவர் அல்டீனா ஷினாசி. 1930-களில் நியூயார்க்கில் கடைகளின் காட்சிச் சாளரங்களை அலங்கரிக்கும் வேலை பார்த்து வந்தார். ஒருநாள் கண்ணாடிக் கடை ஒன்றின் சாளரத்தை உற்றுப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி, அழகற்ற சட்டங்கள். வெனிஸ் நகரத் திருவிழாவில் அணியும் முகமூடிகள் அவர் நினைவுக்கு வந்தன. ஓரங்கள் மேல்நோக்கிக் கூர்ந்த வடிவத்தைக் காகிதத்தில் வெட்டி, தம் முகத்தில் வைத்துப் பார்த்தார். உற்பத்தியாளர்களிடம் காட்டியபோது அவர்கள் ஏற்கவில்லை. முடிவில் ஒரு கடைக்காரர் மட்டும் துணிந்தார். 'ஹார்லிக்வின்' என்ற பெயரில் அது பரவியது. 1939-இல் அவருக்கு வடிவமைப்புப் பரிசும் கிடைத்தது. பிற்காலத்தில் 'பூனைக்கண்' சட்டம் என்று பெயர் பெற்ற வகை இதுவே.

பிரிட்டனில் நடந்தது வேறு கதை. 1948 ஜூலை 5-இல் அங்கே தேசிய மருத்துவத் திட்டம் தொடங்கியபோது மூக்குக் கண்ணாடி இலவசமாயிற்று. மக்கள் திரண்டு வந்தனர், செலவும் ஏறியது. 1951-இல் கண்ணாடிக்கும் செயற்கைப் பற்களுக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தபோது, அத்திட்டத்தை நிறுவிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியையே துறந்தார். ஆயினும் அரசு தந்த சட்டங்களின் வகைகள் மிகச் சில. அணிந்த பிள்ளையின் குடும்ப நிலையை முகத்திலேயே எழுதி ஒட்டியது போல் இருந்தது. பிறகு, 1960-களின் பிற்பகுதியில், பாடகர் ஜான் லென்னன் அதே போன்ற எளிய வட்டக் கம்பிச் சட்டத்தை விரும்பி அணிந்தார். நேற்றுவரை ஒளித்து வைத்ததை இளைஞர்கள் தேடி வாங்கத் தொடங்கினர்.

இனி, கடைக்குப் போகும் மாணவர்களுக்குச் சில சொற்கள். வட்ட முகத்திற்குக் கோணமான சட்டமும், கோணமான முகத்திற்கு வளைந்த சட்டமும் எடுப்பாக இருக்கும் என்பது வணிகர் கூறும் விதி. அது அனுபவத்தில் விளைந்தது, மீறினால் குற்றமில்லை. மீறக் கூடாதவை வேறு. சட்டத்தின் பாரம் மூக்கில் இருபுறமும் சமமாக இறங்க வேண்டும். காதின் பின்புறம் அழுத்தலாகாது. கண்ணின் மணிக்கு நேரே வில்லையின் ஒளி மையம் அமைய வேண்டும்; விலகினால் கண் களைத்துத் தலை வலிக்கும். கிட்டப் பார்வை மிகுந்தவர்கள் பெரிய சட்டத்திற்கு ஆசைப்பட்டால் வில்லையின் ஓரம் தடித்துவிடும். சிறிய சட்டத்தில் அந்தத் தடிப்பு குறையும். என் பழைய 'சோடாபுட்டி'க்கும் இந்த யோசனையை யாரேனும் அன்றே சொல்லியிருக்கலாம்.