காய்ந்த கானும் 23எச் பிரிவும்: கந்தளாயின் கட்டுமான நீர்மாசு பற்றிய ஒரு மறுவாசிப்பு

கட்டுமானத் தளங்களிலிருந்து மழையோடு வழியும் மண்ணையும் சீமெந்துக் கழுவலையும் கட்டுப்படுத்த இலங்கைச் சட்டத்தில் வழியில்லை என்ற முடிவு நம் துறையில் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. அதற்கு இரண்டு வர்த்தமானிகள் சான்றாகக் காட்டப்படுகின்றன. 1993ஆம் ஆண்டின் 772/22 இலக்க வர்த்தமானி, வீடமைப்பைப் பொறுத்தவரை ஆயிரம் வீடுகளைத் தாண்டிய திட்டங்களுக்கே சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கோருகிறது. 2008இன் 1534/18 இலக்க வர்த்தமானி கழிவுநீருக்கு எல்லை வகுத்தாலும், குழாய்முனையில் அளக்கக்கூடிய வெளியேற்றத்தையே அது மனதில் கொண்டது. கந்தளாயில் இருபது பேர்ச் காணியில் எழும் மாடிக்கடை இந்த இரண்டிலும் அகப்படாது. ஆகவே புதுச் சட்டம் வேண்டும் என்கிறார்கள். இது அவசர முடிவு என்றே கருதுகிறேன்.

விடுபட்டுப்போனது மூலச் சட்டம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில், 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம் 23எச் பிரிவைச் சேர்த்தது. உள்நாட்டு நீரை மாசாக்குவது குற்றம் என்று அதன் முதல் உட்பிரிவு பொதுவாகச் சொல்கிறது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதோடு நின்று, பொதுத் தடையென்று கடந்துவிடுகிறார்கள். இரண்டாம் உட்பிரிவு வேறு வகையானது. கழிவை நீரில் கொட்டுவதோடு அது நிற்கவில்லை. நீருக்குள் விழவோ, வடியவோ, அடித்துச் செல்லப்படவோ கூடிய இடத்தில் வைப்பதையும் மீறலாகக் கொள்கிறது. ஓடையோ வேறு நீர்வழியோ வறண்டு கிடக்கும்போது அதன் படுகையில் வைப்பதும் அவ்வாறே. கவனயீனத்தால் வைக்க இடமளித்தவரும் தப்ப முடியாது.

உலர்வலயத்தில் இதன் பொருள் கனதியானது. கந்தளாயில் வடகீழ்ப் பருவமழைக்கு முந்திய மாதங்களில் கான்கள் காய்ந்து கிடக்கும். கட்டட வேலை மும்முரமாக நடப்பதும் அப்போதுதான். டிப்பர் மணலையும் சல்லியையும் கான் ஓரத்திலேயே கவிழ்த்துவிட்டுப் போகிறது. கலவை இயந்திரத்தைக் கழுவிய சாம்பல்நிறத் தண்ணீர் கானுக்குள்ளேயே காய்ந்து ஏடு கட்டுகிறது. அத்திவாரம் வெட்டிய சிவப்புக் கபில மண், காய்ந்தால் கல், நனைந்தால் கூழ், மதகின் வாயில் கிடக்கிறது. ஒரு துளி நீரும் இன்னும் மாசடையவில்லை. ஆயினும் என் வாசிப்பின்படி மீறல் முழுமை பெற்றுவிட்டது. மழை வரும்வரை காத்திருந்து மாதிரி எடுத்து அளக்கவேண்டிய தேவை இல்லை.

காசு கொடுத்து வாங்கிய மணல் எப்படிக் கழிவாகும் என்று கேட்கலாம். எதிர்வாதங்களில் வலுவானது இதுதான்; நேராக எதிர்கொள்ளவேண்டியதும் இதுவே. சட்டத்தின் வரைவிலக்கணமோ பொருளின் விலையைப் பார்ப்பதில்லை, அதன் விளைவையே பார்க்கிறது: சுற்றாடலில் மாற்றம் உண்டாக்கும் அளவில், சேர்மானத்தில், விதத்தில் இடப்படும் எப்பொருளும் கழிவுக்குள் அடங்கலாம். தளத்துக்குள் தகரம் மறைத்த மணல் கட்டுமானப் பொருள். அதே மணல் கானுக்குள் சரிந்தால் கழிவு. இந்த வாசிப்பை நீட்டி வீட்டு முற்றத்துக் குப்பைமேட்டையும் குற்றமாக்கலாமே என்றால், நீருக்குள் போகக்கூடிய இடம் என்ற நிபந்தனையே அதற்கு வரம்பு.

2008இன் நியமங்கள் இதைச் சுருக்குகின்றன என்ற வாதம் எனக்கு ஏற்புடையதன்று. உள்நாட்டு மேற்பரப்பு நீரில் விடும் கழிவுநீருக்குத் தொங்கல் திண்மம் லீற்றருக்கு 50 மில்லிகிராம், காரஅமில எண் 6.0 முதல் 8.5 வரை என்பவை, எதை விடலாம் என்று அனுமதிக்கும் அளவுகள். எங்கே வைக்கக் கூடாது என்பதைப் பற்றி அவை பேசவில்லை. சீமெந்து கழுவிய நீரின் எண் 11ஐயும் தாண்டும் என்பதை இங்கே நினைவில் வைக்கலாம்.

கந்தளாய் பற்றிய எழுத்தில் இன்னொரு சாய்வும் உண்டு. 1986 ஏப்ரல் 20 அதிகாலை அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட பின்பு ஆய்வுக்கண் கட்டின்மேலேயே நிலைத்துவிட்டது. குளம் குடிநீருக்கும் ஆதாரமாகையால் நீர்த்தரம் என்றாலும் குளத்து நீரே பொருள். கட்டுக்குக் கீழே ஓடுவது வெறும் வடிகாலாகிவிட்டது. ஆனால் அந்த வடிகால்தான் வயல் வாய்க்காலில் சேர்ந்து, பேராற்றோடு திருகோணமலைத் துறைமுக நீர்ப்பரப்பில் கலக்கிறது. நீரின் பயன்தரு உபயோகத்துக்குக் கேடு என்பதும் 23எச் பிரிவின் அளவுகோல்களில் ஒன்று. வண்டல் அடைத்த வாய்க்காலால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாமற்போவது அதில் அடங்காது என்று யார் சொல்வார்?

அமெரிக்க முறையை இங்கே கொண்டுவரலாம் என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. அங்கே 1990இல் ஐந்து ஏக்கரிலும் 1999இன் இரண்டாம் கட்ட விதியால் ஒரு ஏக்கரிலும் தொடங்கியது மழைநீர் அனுமதிமுறை. ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச். அந்த எல்லையை இறக்குமதி செய்தால் இருபது பேர்ச் கடைகளெல்லாம் ஒரே வரியில் விடுதலை பெறும். அளவெல்லையே இல்லாத 23எச் பிரிவைவிட அது பலவீனமான சட்டம். ஏழை வீட்டுக்காரருக்குச் சுமை என்ற கவலைக்கு நீண்ட பதில் வேண்டாம்: மணலைச் சில அடி உள்ளே தள்ளிக் கொட்டுவதற்கும் கழுவுநீருக்கு ஒரு குழி வெட்டுவதற்கும் பெரிய செலவில்லை.

நடைமுறையில் இதை யார் செய்வது என்பதற்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை தன் அதிகாரங்களை 26ஆம் பிரிவின்கீழ் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கையளிக்கலாம். கட்டட அனுமதி வழங்குவதும் அதே மன்றங்கள்தான். மணற்குவியலின் இடத்தையும் கழுவுகுழியையும் வரைபடத்தில் காட்டவேண்டும் என்ற நிபந்தனையை அனுமதியிலேயே எழுதி, செப்டெம்பரில், கான் காய்ந்திருக்கும்போதே, தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துவிடலாம்.