விடியல் தேவதையின் சிலை: ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வின் முடிவைத் தொன்மத்தில் தேடியவர்கள்

2007 மார்ச் 4 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொலைக்காட்சித் தொடரின் ‘மெயில்ஸ்ட்ராம்’ என்ற அத்தியாயத்தில், குறிசொல்லும் பெண் ஒருத்தி விமானி கேரா த்ரேஸின் கையில் சிறு சிலை ஒன்றைத் தருகிறாள். அது விடியலின் தேவதையான அரோரா. கேரா அதைத் தளபதி அடாமாவிடம் கொடுக்கிறாள், அவர் தாம் செய்துவரும் பாய்மரக் கப்பல் பொம்மையின் முகப்புக்காக. அதே அத்தியாயத்தில் கேரா தன் விண்கலத்தோடு வெடித்து மடிகிறாள். மூன்று வாரம் கழித்து, மார்ச் 25 அன்று, சிறு கீறலும் இல்லாமல் திரும்பி வருகிறாள். தொடர் நிறைவுற்ற 2009 மார்ச் 20 வரை ரசிகர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவள் யார்? விடையை அவர்கள் கிரேக்க, உரோமத் தொன்மங்களில் தேடினார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெயர்கள் முதலில் வந்தன, பொருள் பிறகுதான் வந்தது. 1978 செப்டம்பர் 17 அன்று ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய மூலத் தொடரை உருவாக்கியவர் கிளென் ஏ. லார்சன். அவர் மோர்மன் சமயத்தவர். மனிதகுலத்தின் தாயகத்துக்கு அவர் இட்ட ‘கோபோல்’ என்ற பெயர், மோர்மன் நூல்களில் வரும் ‘கோலோப்’ என்பதன் எழுத்து மாற்றம். பன்னிரண்டு குடியேற்றங்களுக்கும் இராசி மண்டலத்தைத் தழுவிய பெயர்கள். வீரர்கள் அப்பல்லோ, அத்தீனா என அழைக்கப்பட்டனர். ஆனால் அந்தத் தொடரில் அப்பல்லோ என்ற பெயருக்கும் அப்பல்லோ தெய்வத்துக்கும் கதையளவில் பெரிய உறவில்லை. கடைப் பலகையில் தெய்வப் பெயர் எழுதுவது போன்ற அலங்காரம்தான் அது. 1979 ஏப்ரலில் தொடர் நின்றுபோனது.

2003 டிசம்பரில் ரொனால்ட் டி. மூர் அதைக் குறுந்தொடராகப் புதுப்பித்தபோது, அலங்காரம் சமயமாக மாறியது. மனிதர்கள் ‘கோபோலின் தெய்வங்களை’ வழிபடும் பல தெய்வ நம்பிக்கையினர். அவர்கள் படைத்து, பின் அவர்களையே அழிக்க வந்த சைலன் இயந்திரங்களோ ஒரே கடவுளை நம்புகின்றன. அப்பல்லோ இப்போது லீ அடாமா என்ற விமானியின் அழைப்புப் பெயர் மட்டுமே. மூலத்தில் ஆணாக இருந்த ஸ்டார்பக், கேரா த்ரேஸ் என்ற பெண்ணானாள்.

திருப்புமுனை 2005இல் வந்தது. புனிதச் சுருள்களில் சொல்லப்பட்ட அத்தீனாவின் கல்லறையை, அப்பல்லோவின் அம்பைக் கொண்டு திறக்கிறார்கள். உள்ளே பன்னிரண்டு விண்மீன் கூட்டங்களும் பூமியிலிருந்து தெரியும் கோலத்தில் விரிகின்றன. புராணம் வரைபடமாகிவிட்டது! என் கணிப்பில், பிற்கால ஊகங்கள் அத்தனைக்கும் வேர் இந்தக் காட்சிதான். பழங்கதையைச் சரியாகப் படித்தால் வழி தெரியும் என்று கதைமாந்தர்களுக்குக் காட்டிய தொடர், பார்ப்பவர்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்துவிட்டது. ரசிகர்கள் கண்டதையெல்லாம் குறியாகப் படித்தார்கள் என்று பழிப்பது நியாயமில்லை.

2008 ஜூன் 13க்கும் 2009 ஜனவரி 16க்கும் இடையே புதிய அத்தியாயம் எதுவும் வரவில்லை. ஏழு மாத இடைவெளி ஊகத்துக்கு நல்ல விளைநிலம். டெல்ஃபியின் குறிசொல்லிகளுக்கு உரிய ‘பித்தியா’ என்ற பெயரைத் தாங்கிய சுருள், நோயுற்ற தலைவி ஒருத்தி மக்களை வழிநடத்தியும் புதிய நிலத்தில் வாழமாட்டாள் என்கிறது. எனவே அதிபர் லாரா ரோஸ்லினின் முடிவைப் பலர் முன்பே எழுதிவிட்டார்கள், அது ஏறக்குறைய பலிக்கவும் செய்தது. எரியும் நகரைவிட்டு அகதிகளாய்ப் புதிய தாயகம் தேடும் கப்பல் கூட்டம், வர்ஜிலின் ஈனியஸை நினைவூட்டியது.

கேராவைப் பற்றிய வாசிப்புகளே மிகச் செழிப்பானவை. அரோரா சிலையைப் பற்றிக்கொண்டவர்களுக்கு, இறுதி அத்தியாயத்தின் தலைப்பு ‘டேபிரேக்’, அதாவது விடியல், என்று தெரிந்ததும் வேறு சான்று தேவைப்படவில்லை. த்ரேஸ் என்ற குடும்பப் பெயர் வேறொரு கதவைத் திறந்தது. அது ஆர்ஃபியஸ் பிறந்த நாடு. இசையால் கல்லையும் உருக்கி, இறந்தோர் உலகம் போய்த் திரும்பியவன் அவன். கேராவும் இறந்து மீண்டவள். அவள் தந்தை பியானோ கலைஞர். சிறுவயதில் அவரோடு வாசித்த பாட்டின் சுரங்களையே எண்களாக்கி, விண்கலத்தின் கடைசிப் பாய்ச்சலுக்கு அவள் வழி குறிக்கிறாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரோராவும் ஜூபிடரும் உரோமப் பெயர்கள். அத்தீனாவும் ஹீராவும் கிரேக்கப் பெயர்கள். தொடர் இரண்டையும் கூச்சமின்றிக் கலந்தது. ஒழுங்கான திறவுகோல் வைத்திருந்தவர்களின் வேலை இதுவல்ல. 2009 பிப்ரவரியில் ‘நோ எக்ஸிட்’ அத்தியாயம் அழிக்கப்பட்ட ஏழாம் வகை சைலனாக டேனியல் என்ற பெயரை உதிர்த்தது. அவனே கேராவின் தந்தை என்று ரசிகர்கள் முடிவுகட்டினார்கள். அப்படியெல்லாம் நினைக்கவில்லை என்று மூரே மறுக்க வேண்டியதாயிற்று.

இறுதியில் வந்தது இதுதான். பசும்புல் வெளியில் லீ பேசிக்கொண்டே திரும்பிப் பார்க்கிறான். கேரா அங்கு இல்லை. விளக்கமும் இல்லை. ஆர்ஃபியஸ் திரும்பிப் பார்த்ததும் மறைந்த அவன் மனைவி யூரிடிசியை இதில் நான் காண்கிறேன், ஆனால் படைத்தவர்கள் அதை எண்ணினார்கள் என்று வாதிடமாட்டேன். பலர் கொதித்தார்கள்: கதையின் முடிச்சைக் கடவுள் வந்து அவிழ்ப்பதா? அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியல்’ நூலில் யூரிபிடிஸின் ‘மீடியா’ மீது வைத்த குறையும் இதேதான். தொன்மத்தில் விடை தேடியவர்கள், தம்மை அறியாமல் அந்தப் பழைய வழக்கையே மறுபடி தொடுத்திருந்தார்கள்.

தொடரின் கடைசி உரையாடல் 1,50,000 ஆண்டுகள் கழித்து நியூயார்க் தெருவில் நடக்கிறது. தேவதூதர் இருவரில் ஒருவர் கடவுளைக் குறிப்பிடுகிறார். அந்தப் பெயர் அதற்குப் பிடிக்காது என்று மற்றவர் நினைவூட்டுகிறார்.